கட்டிலிலிருந்து கழிப்பறை வரை

கேள்வி: என் மாமியாருக்கு வயது 76. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போனபோது வாசலிலேயே விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. குளியலறைத் தரையைப் பெயர்த்து வேறு டைல்ஸ் போட வேண்டும் என்கிறார் என் கணவர். வீண் செலவு என்கிறார் அத்தை. முதலில் எதைச் செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தரையைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். கால் வழுக்கியதா, எழுந்து நடக்கும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததா என்று முதலில் அவரிடமே பொறுமையாகக் கேளுங்கள். படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அழுத்த மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம். விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்தாலும் இப்படி நேரும். ஆகவே மாத்திரைச் சீட்டுடன் மருத்துவரிடம் சென்று, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்றிரவே செய்யக்கூடியவையும் உண்டு. விழித்தவுடன் எழுந்துவிடாமல், கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்த பிறகே நிற்க வேண்டும். உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியாவிட்டால் அந்தக் கட்டில் அவருக்கு உயரம் அதிகம். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும். பழைய புடவையை மடித்துக் கழிப்பறை வாசலில் மிதியடியாகப் போடும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். அது காலோடு நழுவும், அதை எடுத்துவிடுங்கள். நிலைப்படி இருந்தால் அதன் விளிம்பில் மங்கிய ஒளியிலும் தெரியும் நிறத்தைப் பூசுங்கள்.

செலவு செய்வதென்றால் முதல் செலவு கைப்பிடிக் கம்பிக்காக இருக்கட்டும். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. அவசரத்தில் முதியவர்கள் பிடிப்பதோ பெரும்பாலும் அதைத்தான். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியையும் நம்ப வேண்டாம். சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கிய எவர்சில்வர் கம்பியே பாதுகாப்பானது. பொதுவாகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் சொல்லப்படுகிறது என்றாலும், துளையிடும் முன் உங்கள் மாமியாரைக் கழிப்பறையில் உட்கார்ந்து எழச் சொல்லி, அவர் கை இயல்பாகச் சுவரைத் தேடும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தானே இடம் காட்டிய கம்பியைப் பிடிக்க அவருக்கும் தயக்கம் இருக்காது. குந்தி உட்காரும் கழிப்பறையாக இருந்தால் வெஸ்டர்ன் வகைக்கு மாற்றும் செலவு வீணே அல்ல. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். இவ்வளவும் முடிந்த பிறகு, ஈரமாகும் பகுதிக்கு மட்டும் சொரசொரப்பான டைல்ஸ் போட்டால் போதும்.

பயத்தில் அவரை உட்கார்த்தி வைத்துவிடாதீர்கள். நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசைகள் மெலிந்து, அடுத்த முறை விழும் வாய்ப்பு கூடும். மீண்டும் விழ நேர்ந்தால் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காமல், வலி எங்கே என்று முதலில் கேளுங்கள். இடுப்பு வலித்தாலோ காலை அசைக்க முடியாவிட்டாலோ அப்படியே படுக்கவிட்டு 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், தலையில் இலேசாக அடிபட்டாலும், வெளிக்காயம் தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.