கதையைச் சுருக்கி எழுதுகிறார்கள், அலசி எழுத மாட்டேன் என்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சிறுகதைப் பாடத்தில் உருவகம், குறியீடு, முரண், கதைசொல்லியின் கோணம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன், வரையறை கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள். ஆனால் ஒரு கதையை அலசி எழுதச் சொன்னால் முதலிலிருந்து கடைசிவரை கதையையே திரும்ப எழுதி, முடிவில் 'ஆசிரியர் குறியீட்டை அழகாகப் பயன்படுத்தியுள்ளார்' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: பிள்ளைகள் சோம்பல்பட்டு அப்படி எழுதுவதில்லை. 'அலசு' என்றால் கையால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்ததைச் செய்கிறார்கள். முழுக் கதையையும் கொடுத்து எழுதச் சொன்னால் முழுக் கதைதான் திரும்பி வரும். அதனால் இடத்தைச் சுருக்குங்கள். ஒரு பத்தி, ஒரு வாக்கியம், சில நாள் ஒரே ஒரு சொல். அலசல் அங்கேதான் தொடங்குகிறது.

வரையறைகளை முதலில் சொல்லிக் கொடுத்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெயர் கையில் இருந்தால் பிள்ளைகள் கதைக்குள் அந்தப் பெயருக்குரிய பொருளைத் தேடுகிறார்கள், கண்டதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் அவர்கள் எதையாவது கவனிக்கட்டும், அது அவர்களை உறுத்தட்டும், அதைப் பற்றிப் பேசட்டும், அப்புறம் 'இதற்கு ஒரு பெயர் இருக்கிறது' என்று சொல்லுங்கள். அப்படி வந்த பெயர் மறக்காது.

ஒரு கதையை வைத்தே காட்டுகிறேன். கேட் ஷோபன் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்', 1894இல் வந்தது, ஏறக்குறைய 1000 சொற்கள்தான், ஒரே வகுப்பில் இரண்டு முறை படித்துவிடலாம். இதயக் கோளாறு உள்ள ஒரு பெண்ணிடம், கணவர் ரயில் விபத்தில் இறந்துவிட்டார் என்று பக்குவமாகச் சொல்கிறார்கள். அவள் அழுகிறாள், பிறகு தனியாக அறைக்குள் போய்த் திறந்த ஜன்னல் முன்னால் உட்கார்கிறாள், மெல்ல மெல்ல அவளுக்குள் விடுதலை உணர்வு எழுகிறது. கடைசியில் கணவர் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறார், அவள் இறந்துபோகிறாள். மகிழ்ச்சி தாங்காமல் இதயம் நின்றுவிட்டது என்கிறார்கள் மருத்துவர்கள்.

முதல் வாசிப்பு கதைக்காக மட்டும். நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள், கேள்வியும் கேட்காதீர்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள வகுப்பில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் என்ன நடந்தது என்று புரியாதவரிடம் ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்பதில் பயனே இல்லை. புரியாத சொற்களுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே பொருள் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வாசிப்பில் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: இந்தப் பெண்ணைக் கதை எங்கெங்கே எந்தப் பெயரால் அழைக்கிறது என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். முதல் வரியில் அவள் மிஸஸ் மல்லார்ட், அதாவது கணவரின் பெயரால் அறியப்படுபவள். அவளுடைய சொந்தப் பெயர் லூயிஸ் என்பது கதை பாதியைத் தாண்டிய பிறகு, அவள் 'விடுதலை' என்று தனக்குள் முணுமுணுத்த பிறகுதான், கதவுக்கு வெளியே இருக்கும் சகோதரியின் வாயிலிருந்து வருகிறது. இதை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. அடிக்கோடுகளைப் பார்த்து யாராவது ஒருவர், 'இவ்வளவு நேரம் பெயரே சொல்லவில்லையே, ஏன்?' என்று கேட்கும்வரை காத்திருங்கள். அமைதி நீண்டால் பயப்பட வேண்டாம். நம்மில் பலர் சில நொடிகளிலேயே பதிலை நாமே சொல்லிவிடுகிறோம், என்னிடமும் அந்தப் பழக்கம் பல வருடம் இருந்தது, அதனால் யோசிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டேன் என்று பிற்பாடுதான் புரிந்தது.

அடுத்த வகுப்பில் கதவும் ஜன்னலும். கதவை அவள் சாத்திக்கொள்கிறாள், ஜன்னலோ திறந்திருக்கிறது, வெளியே வசந்தம். கேட்க வேண்டிய கேள்வி, 'ஜன்னல் எதன் குறியீடு?' என்பதல்ல. அப்படிக் கேட்டால் 'சுதந்திரம்' என்று ஒற்றைச் சொல் வரும், அதோடு முடிந்தது. 'ஜன்னல் மூடியிருந்தால் இந்தக் கதையில் என்ன மாறும்?' என்று கேளுங்கள். ஒரு சொல்லையோ பொருளையோ எடுத்துவிட்டு அல்லது மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்வதுதான் நான் கண்டதிலேயே பலன் தந்த பயிற்சி, ஏனென்றால் எழுத்தாளர் வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது. அந்தப் பேச்சு அவர்களுடைய தாய்மொழியில் நடந்தாலும் தடுக்காதீர்கள். யோசனை முதலில் உருவாகட்டும், ஆங்கிலத்தில் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி வரிக்கு வரும்போது, 'மருத்துவர்கள் சொன்னது சரியா? அவர்களுக்குத் தெரியாத எது நமக்குத் தெரியும்?' என்று கேளுங்கள். வகுப்பே பேசும். அது அடங்கிய பிறகு, பாத்திரங்களுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிவதை நாடக முரண் என்பார்கள் என்று சொன்னால் போதும்.

கதைப் போக்கை ஏற்றம், உச்சம், இறக்கம் என்று முக்கோணமாக வரையச் சொல்லும் வழக்கம் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் படம் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை விளக்கப் போட்டது. சிறுகதைக்கு ஒருமுறை பயன்படுத்தலாம், அதற்கு மேல் அது கதைச் சுருக்கத்தைப் படமாக எழுதும் வேலையாகிவிடும்.

எழுத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் முழுக் கட்டுரை கேட்கவே கேட்காதீர்கள், ஒரு பத்தி போதும். அதில் ஒரு கருத்து, அதற்கு ஆதாரமாகக் கதையிலிருந்து ஆறு ஏழு சொற்களுக்கு மேற்படாத மேற்கோள், அப்புறம் அந்த மேற்கோளில் ஒரு சொல்லையாவது பிடித்து இரண்டு மூன்று வாக்கியம் விளக்கம். நீளமான மேற்கோள் விளக்கத்தின் இடத்தை விழுங்கிவிடும், அதனால்தான் இந்த எல்லை. கருத்து என்பது முழு வாக்கியமாக இருக்க வேண்டும், ஒருவர் 'நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்று சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 'இந்தக் கதை சுதந்திரத்தைப் பற்றியது' என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது வெறும் தலைப்பு. 'கணவர் நல்லவராக இருந்தும் திருமணம் அவளை அடைத்துவைத்திருந்தது' என்றால் மறுக்க இடமுண்டு, ஆதாரமும் தேட வேண்டியிருக்கும்.

அவர்கள் எழுதுவதற்கு முன்னால் அவர்கள் கண்ணெதிரே பலகையில் நீங்கள் ஒரு பத்தி எழுதுங்கள். வீட்டில் தயாரித்துக் கொண்டுவந்த பத்தி வேண்டாம். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லி, எழுதி, அடித்து, வேறு சொல் போட்டு எழுதுங்கள். உங்களுக்கும் முதல் வரி சரியாக வராது என்று பார்ப்பது அவர்களுக்குப் பெரிய தைரியம் தரும்.

திருத்தும்போது கொஞ்ச நாளைக்கு இலக்கணப் பிழைகளை விட்டுவிட்டு விளக்க வாக்கியங்களை மட்டும் பாருங்கள். கதையில் நடந்ததைச் சொல்லும் வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு குறி, அது ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லும் வாக்கியத்துக்கு வேறொரு குறி. இரண்டாவது வகைக் குறி இரண்டு மட்டும் இருந்தாலும் பாராட்டுங்கள். அடுத்த பத்தியில் அதை மூன்றாக்கச் சொல்லுங்கள்.