டெஸ்ட் பேட்டிங் சராசரியில் இந்தியாவின் டிராவிட் 52.31, இலங்கையின் சங்கக்காரா 57.40: இந்த 5 ரன் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

இருவருமே பேட்டிங் வரிசையில் 3ஆம் இடத்தில் ஆடியவர்கள் என்பதால், யார் மேல் என்று பார்க்கச் சராசரியை (ஒருமுறை அவுட்டாவதற்கு எத்தனை ரன் என்பதை) நேராக ஒப்பிடத் தோன்றும். சங்கக்காரா வங்கதேசத்துக்கு எதிராக 15 டெஸ்டில் 1816 ரன், சராசரி 95.57. அன்று பலவீனமாக இருந்த அணியிடம் எடுத்த ரன் அது; அதைக் கழித்துப் பாருங்கள்.

கழிக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான்: சராசரியிலிருந்து சராசரியைக் கழிக்கக் கூடாது. ரன்னைத் தனியாக, அவுட்டானதைத் தனியாகக் கழிக்க வேண்டும். சங்கக்காரா 233 இன்னிங்ஸ், 17 நாட் அவுட். ஆக 216 முறை அவுட். வங்கதேசத்திடம் அவுட்டானது 19. மிச்சம் 10584 ரன், 197 அவுட்: 53.73. டிராவிட்டுக்கும் அதே கணக்கைப் போட்டால் (7 டெஸ்ட், 560 ரன், 8 அவுட்) 51.74. ஐந்து ரன் இடைவெளி இரண்டாகச் சுருங்கிவிட்டது.

அதற்காக டிராவிட்தான் மேல் என்று தாவிவிடாதீர்கள். சங்கக்காரா 48 டெஸ்டில் விக்கெட் கீப்பிங்கும் செய்தார். அவற்றில் சராசரி 40.48தான். கீப்பிங் கையுறையைக் கழற்றிய 86 டெஸ்டில் 66.78! நாள் முழுக்கக் குனிந்து எழுந்தவர் உடனே 3ஆம் இடத்தில் இறங்குவது லேசான வேலையா? டிராவிட் பக்கம் இதற்கு ஈடாக வைக்க 31,258 பந்துகள் இருக்கின்றன. டெஸ்டில் வேறு யாரும் அவ்வளவு பந்தைச் சந்தித்ததில்லை. சராசரிக் கணக்கில் அது தெரியாது. என் ஓட்டு, கீப்பிங் இல்லாத சங்கக்காராவுக்கு.