முதலாம் படிவத்தில் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கலாமா?

சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் மகளுக்கு ஆங்கிலம் சுமார்தான், டிஎல்பியில் (மலேசியப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் இருமொழித் திட்டம்) சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆங்கிலப் பாடம் எல்லோருக்கும் ஒன்றேதான். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது கணிதமும் அறிவியலும் எந்த மொழியில் என்பதை. 2016இல் தொடங்கிய டிஎல்பி எல்லாப் பள்ளிகளிலும் இல்லை, முதலில் விசாரியுங்கள். பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

தமிழில் கணக்குப் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் எப்படியும் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாறத்தான் வேண்டும். அதனால் கணக்கில் கெட்டி என்றால் தயங்காமல் டிஎல்பியில் சேர்த்துவிடுங்கள். அவள் திணறக்கூடியது கதைக்கணக்குகளில்தான். பள்ளி விடுமுறையிலேயே பின்னம், விகிதம், பரப்பளவு ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைப் பழக்குங்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் கணிதத் தாள் மலாய், ஆங்கிலம் இரு மொழியிலும் வரும். கணக்கே தடுமாற்றமா? சரி, அப்போது மலாயில் கற்பிக்கும் வகுப்பே போதும். நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுக்க அது தடையல்ல.