மார்கழியிலும் ஒட்டும் ட்ரஃபிள்: பதம் எங்கே தவறியது?

கேள்வி: பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வந்த பேரப்பிள்ளைகள் லீவு முடியும்வரை வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களுக்காக ஏலக்காய், பட்டை, கிராம்புப் பொடி போட்டு சாக்லேட் ட்ரஃபிள் செய்தேன். உள்ளே நறநறவென்று இருந்தது. மேல்பூச்சு மறுநாளே சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிட்டது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. பாதி காம்பவுண்ட் சாக்லேட், பாதி விலை கூடிய டார்க் சாக்லேட் கலந்துதான் உருக்கினேன். தட்டோடு திறந்தபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். எங்கே தவறு?
(ஓர் ஆச்சி, காரைக்குடி)

பதில்: ஆச்சி, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பாதிக்குப் பாதிதான் முதல் தவறு.

நல்ல சாக்லேட்டில் இருப்பது கோகோ பட்டர். காம்பவுண்டில் இருப்பது வேறு தாவரக் கொழுப்பு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து உறையாது. ஒன்று இறுகும்போது மற்றது நெகிழ்ந்து நிற்கும், நாள் போகப்போக மேலே வந்து வெளுக்கும். எது வாங்கினாலும் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். காம்பவுண்ட் என்றால் உருக்கி முக்கினால் போதும், பதம் பார்க்க வேண்டியதில்லை. வெயில் ஊரில் அதைப் பூச்சுக்கு மட்டும் பயன்படுத்துவதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வைக்கும் கனாஷுக்கு, அதாவது சாக்லேட்டும் க்ரீமும் சேர்ந்த கலவைக்கு மட்டும் நல்ல சாக்லேட்டாக இருக்கட்டும்.

நல்ல சாக்லேட்டையே பூச்சுக்கும் வைப்பதென்றால் பதம் வேண்டும். அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற கைக்கு இது புரியாத விஷயமே இல்லை. கோகோ பட்டர் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஒரே ஒரு விதம்தான் பளபளப்பும், கடித்தால் 'டக்' என்று உடையும் தன்மையும் தரும். வெறுமனே உருக்கி ஆறவிட்டால் அந்த விதம் அமையாது.

250 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை ஒரு கிண்ணத்தில் போட்டு, லேசாக ஆவி வரும் தண்ணீருக்கு மேலே, தண்ணீரில் படாமல் வைத்து உருக்குங்கள். 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். இறக்கியதும் கிண்ணத்தின் அடியைத் துணியால் துடைத்துவிடுங்கள். அங்கிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தால் மொத்தமும் மணல் மாதிரி திரிந்துவிடும். அப்புறம் எடுத்துவைத்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறி, 31–32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தெர்மாமீட்டர் இல்லையா? கரண்டி நுனியில் துளி எடுத்துக் கீழுதட்டில் வையுங்கள். சூடாகத் தெரியாமல் லேசாகக் குளிர்ந்தால் சரி. கத்தி முனையில் தடவினால் ஐந்து நிமிடத்தில் கோடு இல்லாமல் இறுக வேண்டும். அறை 20–22 டிகிரியில் இருந்தால்தான் இது நடக்கும். அதனால் ஏசி அறையில் செய்யுங்கள், இல்லையென்றால் மார்கழி விடியற்காலையில். சலவைக்கல்லில் கொட்டித் துழாவுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். வளவில் இத்தாலி மார்பிள் கிடக்கிறதே என்று அதில் ஊற்றிவிடாதீர்கள், கிண்ணமே போதும்.

நறநறப்புக்குக் காரணம் பொடி. கனாஷில் அரிசி மாவளவு துகள் கிடந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். மசாலாவின் மணம் மட்டும் உள்ளே போகட்டும். 100 கிராம் க்ரீமில் தட்டிய ஏலக்காய் மூன்று, சிறு துண்டு பட்டை, ஒரே ஒரு கிராம்பு, அரை அன்னாசிப்பூ, நாலைந்து மிளகு போட்டு, ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கி, மூடி இருபது நிமிடம் வையுங்கள். கிராம்பு இரண்டானால் பல்வலி மருந்து வாடை வந்துவிடும். கல்பாசியும் மராட்டி மொக்கும் கறிக்குழம்போடு நிற்கட்டும். வடிகட்டியபின் எடை பாருங்கள். குறைந்த அளவுக்குக் க்ரீம் சேர்த்து மறுபடி சூடாக்கி, நறுக்கிய 200 கிராம் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாதீர்கள். பிறகு நடுவிலிருந்து கிளறுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெய். எண்ணெய் பிரிந்து நின்றால் பதறாமல் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கிளறுங்கள், சேர்ந்துவிடும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள க்ரீமில் தண்ணீர் அதிகம் என்பதால் 90 கிராமே போதும் என்பேன்.

இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகியதும் உள்ளங்கையில் கோகோ பவுடர் தடவி உருட்டலாம். இருபத்தைந்து உருண்டை வரும். இனிதான் பலரும் சறுக்கும் இடம். ஜில்லென்ற உருண்டையை அப்படியே முக்கினால் பூச்சு வெடிக்கும். இருபது நிமிடம் மூடி வெளியே வைத்து, முதலில் உள்ளங்கையில் கொஞ்சம் சாக்லேட் தடவி ஒவ்வொன்றையும் மெல்லிசாகப் பூசுங்கள். அது காய்ந்தபின் முழுக்க முக்கி எடுங்கள். ஈரமாக இருக்கும்போதே மேலே இடித்த மிளகு இரண்டு துணுக்கு வைத்தால் போதும்.

ஒட்டியதற்குக் காரணம் திறந்த தட்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்து, சர்க்கரையைக் கரைக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்தால் டப்பாவின் குளிர் விட்டபிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், க்ரீம் இருக்கிறது.

பேரப்பிள்ளைகளிடம் ஊருக்குக் கொடுத்தனுப்ப ட்ரஃபிள் தோதுப்படாது. அதற்கு நான் மாவுருண்டையைத்தான் சொல்வேன். வறுத்த பாசிப்பருப்பு மாவு, சர்க்கரைப்பொடி, நெய் என்று எதிலும் தண்ணீர் கிடையாது. கொஞ்சம் சிறிதாகப் பிடித்து, நன்றாக ஆறவிட்டு முக்குங்கள். ஆனால் நெய்யை வழக்கத்தைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆக நெய் பூச்சுக்குள் ஏறி அதை இளக்கி, திரும்பவும் வெளுக்க வைக்கும்.

வெளுத்துப்போன பழைய ட்ரஃபிள் இன்னும் மிச்சம் இருந்தால், செய்து ஒரு வாரத்துக்குள் என்றால் அது கெட்டதல்ல. சூடான பாலில் இரண்டைப் போட்டுக் கரைத்து, வடிகட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.