கடல் பாலூட்டிகளின் நச்சியல்: மகளின் விருப்பத்திற்கு எந்தப் பட்டப்படிப்பு அடித்தளமாகும்?

மதிப்பிற்குரிய ஐயா,

திமிங்கிலங்களின் உயிரணுக்களை மாசுகள் எவ்வாறு பாதிக்கின்றன என்று ஆராய விரும்பும் தங்கள் மகள், அதைப் படித்து வேலையின்றி நிற்க நேருமோ என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இத்துறையில் அன்றாடம் நடக்கும் வேலை என்ன என்பதை அறிந்தால் அது பெருமளவு குறையும் என நம்புகிறேன்.

மின்கருவிகளில் பயன்பட்டுவந்த பி.சி.பி., பூச்சிக்கொல்லியான டி.டி.டி. போன்ற வேதிப்பொருள்கள் எளிதில் சிதைவதில்லை. இவற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், முன்பே கடலில் கலந்தவை உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிந்து, திமிங்கிலங்களின் தோலடிக் கொழுப்பில் தங்கி, தாய்ப்பால் வழியே குட்டிக்கும் செல்கின்றன. 2016-இல் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் இறந்து ஒதுங்கிய லூலு என்ற ஓர்கா திமிங்கிலத்தின் கொழுப்பில், கிலோவுக்கு ஏறத்தாழ 950 மில்லிகிராம் பி.சி.பி. இருந்தது. கடல் பாலூட்டிகளில் கிலோவுக்கு 9 மில்லிகிராம் அளவிலேயே பாதிப்பு தொடங்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வளர்ந்த பெண் விலங்காகிய லூலு ஒரு குட்டியும் ஈன்றதற்கான அடையாளம் இல்லை.

உயிருள்ள திமிங்கிலத்திற்கு நஞ்சு கொடுத்துச் சோதிப்பது அறமும் ஆகாது, இயலவும் இயலாது. ஆகவே, சிறு தோல் மாதிரியிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் வளர்த்து, மாசுப்பொருளை வெவ்வேறு அளவுகளில் சேர்த்து, டி.என்.ஏ. சிதைகிறதா, நஞ்சை எதிர்கொள்ளும் நொதிகள் மிகுகின்றனவா, எத்தனை உயிரணுக்கள் மடிகின்றன என்று அளக்கிறார்கள். இரத்தத்தின் வெள்ளணுக்களைக் கொண்டு நோய் எதிர்ப்பாற்றல் குன்றுவதையும் ஆராய்கிறார்கள்.

தங்கள் மகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது இந்தச் செய்முறைத் திறன்களே. உயிரணு வளர்ப்பு, மாதிரியில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் நிறமாலைக் கருவிகளைக் கையாளுதல், புள்ளியியல் ஆகியவற்றில் தேர்ந்தவரை மருந்துகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் நிறுவனங்களும், உணவு, குடிநீர் ஆய்வகங்களும், வேதிப்பொருள்களை மதிப்பிடும் அரசு அமைப்புகளும் தேடுகின்றன. கடல் பாலூட்டிகளுக்கென்றே உள்ள பணியிடங்கள் மிகச் சில என்பதையும், அவற்றுக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டமும் அதன்பின் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியும் தேவைப்படும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

ஆதலால், இளநிலையில் கடல்சார் உயிரியல் என்ற பெயரைத் தேடாமல், வேதியியலையோ உயிர்வேதியியலையோ எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நச்சியலை முதுநிலையில் சேர்த்துக்கொள்ளலாம். கடலை அதற்கும் பிறகு தேர்ந்தெடுக்கலாம். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது, மாணவர்கள் தாமே உயிரணுக்களை வளர்க்கிறார்களா, செய்முறையை வெறுமனே பார்த்துவிட்டு வருகிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

மகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. இப்பணியில் கடலில் கழியும் நாள்கள் குறைவு. பல வாரம் பேணிய உயிரணுக்கள் கிருமித்தொற்றால் ஒரே நாளில் அழிவதும், மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும் இங்கு இயல்பு. இத்துறையின் ஆய்வுக்கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் செய்முறைப் பகுதியைத் தன் சொற்களில் தங்களுக்கு விளக்குமாறு கேளுங்கள். விலங்குகளின் மீதுள்ள அன்போடு அந்தப் பகுதியிலும் அவருக்கு ஆர்வம் பிறந்தால், விண்ணப்பிக்க வேண்டிய பாடப்பிரிவுகளை மூவரும் அமர்ந்து முடிவு செய்வோம்.