லாமு பழைய நகரைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி தேவையா?

கென்யாவின் லாமுவில் வழி கண்டுபிடிக்க வழிகாட்டி தேவையில்லை. சந்துகள் பின்னிக் கிடந்தாலும் சரிவைப் பார்த்து இறங்கினால் கடற்கரைக்கு வந்துவிடலாம். சுமை தூக்குவது பெரும்பாலும் கழுதைதான்; எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுகொள்ளுங்கள்.

வழிகாட்டி வேண்டியது வீடுகளைப் புரிந்துகொள்ள. தெருவில் நின்றால் மொட்டைப் பவளக்கல் சுவரும் செதுக்கிய கதவும்தான் தெரியும். வாசலில் எதிரெதிரே இரண்டு கல் திண்ணைகள். வந்த ஆண்களோடு பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீட்டின் அந்தரங்கம் கலையாது.

உள்ளே போனால் அறைகள் நீளமாக, ஆனால் ஒடுக்கமாக இருக்கும். காரணம் ரசனை அல்ல, மரம். கூரையைத் தாங்குவது ‘போரிட்டி’ என்னும் அலையாத்தி மரக் கழி. அது எட்டும் தூரம்தான் அறையின் அகலம், ஏறக்குறைய 3 மீட்டருக்குள். இதே கழிகளைப் பாய்மரக் கப்பல்கள் அரபு நாடுகளுக்கும் ஏற்றிச் சென்றன. உள்ளே கடைசியில் இருக்கும் அறையின் சுவரில் சுண்ணச்சாந்தில் செதுக்கிய ‘ஜிடாகா’ மாடங்கள் அடுக்கடுக்காக இருக்கும்; பீங்கான் பாத்திரங்கள் வைத்த இடம் அது. வணிகர் வீட்டின் செல்வம் தெருவுக்குத் தெரியாமல் இங்கேதான் ஒளிந்திருந்தது.

கோட்டையைத் தனியாகவே பார்க்கலாம். 1821 வாக்கில் கட்டி முடித்தது, 1984 வரை சிறை. யுனெஸ்கோ 2001-ல் ஊரையே பாரம்பரியச் சின்னமாக்கியது.

காலையிலேயே கிளம்புங்கள், வழிகாட்டியின் கூலியை முன்பே பேசிவிடுங்கள். இந்தக் கடற்கரை மக்களான சுவாஹிலிகளின் வீட்டு அருங்காட்சியகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.