வைஃபை மாடிக்கு ஏறவில்லை: எதை வாங்குவது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். கீழே கடையும் பில்லிங்கும், மாடியில் கணக்குப் பிரிவு, கொல்லைப்பக்கம் தனிக் கட்டடத்தில் பட்டறை. மொத்தம் 11 பேர். ஃபைபர் இணைப்பு 200 எம்பிபிஎஸ். கடையில் வைஃபை நன்றாக வருகிறது. மாடியில் அடிக்கடி அறுந்துவிடுகிறது. பட்டறையில் வருவதே இல்லை. எட்டு ஆன்டெனா உள்ள கேமிங் ரவுட்டர் ஒன்றும் பூஸ்டர் இரண்டும் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் 26,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பிரச்சினை ரவுட்டரின் சக்தியில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது.

வைஃபை என்பது இரண்டு பேர் பேசிக்கொள்வது போல. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், உங்கள் போன் பதில் சொல்வது அதன் காதில் விழ வேண்டும். போனுக்கு இருப்பது சின்னக் குரல். நடுவில் பழைய வீட்டின் தடித்த சுவரும் இரும்புப் பெட்டகமும் நின்றால் அந்தக் குரல் கீழே வந்து சேராது. சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் பில் போகாமல் நிற்பது இதனால்தான். எட்டு ஆன்டெனா இதை மாற்றாது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். ‘ஏஎக்ஸ் 3000’ என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி ஏறக்குறைய எழுதியது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அதிலும் உங்களுக்கு வருவதே 200.

சுவரில் சொருகும் பூஸ்டரை வியாபாரத்துக்கு வைக்கவே கூடாது என்பேன். அது கேட்டதைத் திரும்பச் சொல்லும் கருவி. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. சிக்னல் மங்கும் இடத்தில் வைத்தால் மங்கலையே திரும்பச் சொல்லும்.

சரி, என்ன வாங்குவது? மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, கூரையில் பொருத்தும் ஆக்சஸ் பாயின்ட் (ஒயரில் வரும் நெட்டை அந்த இடத்தில் வைஃபையாகப் பரப்பும் கருவி) ஒன்று போடுங்கள். கடைக்கும் ஒன்று. வைஃபை 6 தலைமுறை போதும். இரண்டும் ஒரே நிறுவனத்தினுடையதாக, ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டோடு இருக்கட்டும். இவற்றுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் எட்டு போர்ட் பி.ஓ.இ. ஸ்விட்ச் (நெட்டைப் பல ஒயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று, அதில் எல்லா போர்ட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், என்று எழுதியிருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ளதைத் தலையில் கட்டிவிட்டால் உங்கள் 200 அங்கேயே பாதியாகிவிடும். பில்லிங் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா எல்லாம் இடத்தை விட்டு நகராதவை, அவற்றுக்கு ஒயர்தான். நெட் நிறுவனம் தந்த பெட்டியில் வைஃபையை அணைத்துவிட்டு, அதை இணைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அணைக்க விடுவார்களா என்பது வேறு கதை. பல இடங்களில் பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டைக் கேட்டால் தருவதில்லை. புகார் கொடுத்தால் ஆள் வருவதற்கு முன்பே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவர் தன் கடையில் இருக்கும் பெட்டிக்கு அனுமதி கேட்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. விடாமல் கேளுங்கள்.

கேபிளில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. ‘கேட் 6’ என்று கேபிளின் தரத்தை அச்சடித்து, உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். முலாம் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கம்பியை உரித்துப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு தெரியும். அந்தக் கம்பி வழியே மின்சாரமும் போகும்போது சூடாகும், முனையில் ஒடியும். ஒரு ஜவ்வரிசி மில் அலுவலகத்தில் இப்படிப்பட்ட கேபிளைச் சுவருக்குள் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். புதிதாய்ப் பூசிய சுவரை மறுபடி உடைத்தோம்.

ஒயர்தான் என்று இவ்வளவு சொன்னேன், ஆனால் பட்டறைக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். அது தனிக் கட்டடம். திறந்தவெளியில் போகும் நீளமான செம்புக் கம்பி, பக்கத்தில் இடி விழுந்தாலே மின்னழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் கேபிள் வழியாகப் பாயும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் அலுவலகத்துக்கும் குடோனுக்கும் நடுவே நானே செம்புக் கேபிள் போட்டேன். சித்திரை மாத மழையில் ஒரே இடி. இரண்டு பக்கத்து ஸ்விட்சும் கேமரா பெட்டியும் போயின. அன்றிலிருந்து கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் ஃபைபர் மட்டும்தான் போடுகிறேன். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், ஃபைபரில் வரும் ஒளியைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் சின்னப் பெட்டி. ஒற்றை இழை வகை என்றால் ஏ ஒன்று, பி ஒன்று என ஜோடியாக வாங்க வேண்டும், இரண்டு ஏ வாங்கினால் பேசாது. இன்னொன்று: தெருவில் தொங்கும் ஃபைபரில் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள், உள்ளே கொண்டுபோனால் செம்பு போட்டது போல்தான். பட்டறை கடையோடு ஒட்டிய சுவர், மின்சாரமும் எர்த்தும் ஒன்றே என்றால் செம்பே போதும். நடுவில் தகரக் கூரை போட்ட நடை இருப்பதால் மட்டும் அது ஒரே கட்டடம் ஆகிவிடாது. பட்டறைக்குள் மூன்றாவது ஆக்சஸ் பாயின்ட்டை, உருக்கும் உலைக்குத் தள்ளி மாட்டுங்கள்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள் உள்ளீட்டு வரியில் கழித்துக்கொள்ளலாம். வாரண்டிக்கும் சீரியல் எண்ணோடு பில் வேண்டும்.

அப்புறம், வேலை முடிந்ததும் எல்லாக் கருவிகளின் அட்மின் பாஸ்வேர்டையும் தாளில் எழுதி வாங்குங்கள். அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ‘விசிட்டிங் சார்ஜ்’ வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மாடியிலும் பட்டறையிலும் நின்று உங்கள் போனிலேயே வேகத்தைப் பார்த்து, அந்தத் தாளும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.